கடை நேரம்

2023 ஜூலையில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அமைச்சர் சு. முத்துசாமி செய்தியாளர்களிடம் பேசினார். விடிகாலையிலேயே கடும் உடலுழைப்புக்குப் போகிறவர்களின் சிரமத்தைச் சொன்னார். காலையில் குடிப்பவர்களைக் குடிகாரர்கள் என்று இழிவாகப் பேசுவதை ஏற்க முடியாது என்றார். டாஸ்மாக் கடைகளைக் காலையிலேயே திறக்கப் போகிறார்களா என்று எதிர்ப்புக் கிளம்பியது. நேரம் மாறவில்லை, பகல் 12 முதல் இரவு 10 வரை என்பதே நீடித்தது.

பலரும் அந்தப் பேச்சைக் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உழைக்கும் உடலின் வலியைப் பற்றி ஓர் அமைச்சர் வாய்திறப்பதே அபூர்வம். ஆனால் நான் படித்த செய்திகளில் எல்லாம் அந்த உடல் ஆணுடையது. அதே வீட்டில் அவனுக்கும் முன்பே எழுந்து, குடம் தூக்கி, சோறு கட்டி, பஞ்சாலைக்கு ஓடுகிறவளின் வலி அங்கே கணக்கில் வரவில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வாழ்க்கையே ஷிப்டுக் கணக்குதான். பஞ்சாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், எங்கும் பெண்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு, பெண்கள் காலை 6 முதல் இரவு 7 வரைதான் ஆலையில் வேலை செய்யலாம் என்றது. மாநில அரசு இதைத் தளர்த்தலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எந்தத் தளர்வும் கூடாது. இந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். பெண்ணைப் பாதுகாக்க அவளை வீட்டில் வைத்துப் பூட்டுவது பழைய வைத்தியம்.

ஆனால் ஆலைக் கதவைத் திறந்தவர்கள் தெருவைத் திறக்கவில்லை. பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து, ஊர் விலக்கில் இறங்கி நடக்கிறவளுக்கு எதிரே வருவது, பத்து மணிக்குக் கடை மூடியதும் வெளியேறும் கூட்டம். கடை நேரத்தை ஒரு மணி கூட்டினால், தெருவில் அவளுக்கு இருக்கும் நேரத்தில் ஒரு மணி குறைகிறது. ‘பொம்பளைக்கு இந்த நேரத்தில் என்ன வேலை’ என்று கேட்கிற ஊர், கடைக்கு இந்த நேரத்தில் என்ன வேலை என்று கேட்பதில்லை.

நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? இங்கிலாந்தில் ஒரு பப் வார இறுதியில் கூடுதல் நேரம் திறக்க விரும்பினால், உள்ளாட்சியிடம் விண்ணப்பித்து, அதற்கான அறிவிப்பை வாசலில் ஒட்ட வேண்டும். 28 நாளுக்குள் அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்லலாம். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர், நடுவில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓரிடம் உண்டு; அவ்வளவுதான். 2003 நவம்பரிலிருந்து நம் சில்லறைக் கடைகள் டாஸ்மாக்கின் கையில். விற்பவரும் அரசு, நேரம் குறிப்பவரும் அரசு. அந்தத் துறையின் பெயரிலேயே மதுவிலக்கு இருப்பது தனி வேடிக்கை. அரசு முத்திரையில் இருப்பது தங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பெருமை உண்டு. அதே அரசின் கடைதான் இதுவும்.

வழிபாட்டுத் தலத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் கடை எத்தனை மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நகராட்சியில் 50, மற்ற ஊர்களில் 100. வீட்டுக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. 2016 மே 23 அன்று, பதவியேற்ற கையோடு ஜெயலலிதா போட்ட கையெழுத்தில் திறக்கும் நேரம் பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போனது. நல்லதுதான். ஆனால் ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போய்விடும்.

மது எதிர்ப்பு மேடைகளிலும் எனக்குச் சண்டை உண்டு. அங்கே பெண் எப்போதும் ‘தாய்மார்களின் கண்ணீர்’, ‘அறுந்த தாலி’. அழுவதற்கு அழைப்பார்கள், யோசனை கேட்க மாட்டார்கள். சத்திரப்பட்டியில் தார் சுற்றும் ஒரு பெண்ணிடம் கடையை மூடிவிடலாமா என்று கேட்டேன். “முழுசா மூடுவாகளா, நடக்குற கதையச் சொல்லுங்கக்கா. சனிக்கெழம மட்டும் நாலு மணிக்கு மூடச் சொல்லுங்க. சம்பளம் அஞ்சு மணிக்குத்தான் கைக்கு வரும். ஞாயித்துக்கெழம கடன் கட்டிட்டேன்னா, பெறகு தெறந்துக்கிடட்டும்” என்றார். கொள்கைக் குறிப்புகளில் இவ்வளவு துல்லியமான நேரக் கணக்கை நான் பார்த்ததில்லை. இது மதுவிலக்கும் அல்ல, கண்ணீரும் அல்ல. கூலி வரும் நேரமும் கடை திறந்திருக்கும் நேரமும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற கோரிக்கை.

இதைச் சொல்ல அவருக்கு ஒரு மனுப் பெட்டிதான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2008ஆம் ஆண்டு ஆணைப்படி, ஒரு வார்டின் பெண் வாக்காளர்களில் நாலில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு சின்னங்கள்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். பாதிக்கு மேற்பட்ட பெண்கள் படுத்த பாட்டிலில் குத்தினால் கடை மூடப்படும். அங்கேயும் கேட்க முடிவது மூடலாமா, வேண்டாமா என்பதுதான். எத்தனை மணிக்கு என்று கேட்கும் சீட்டு இன்னும் அச்சாகவில்லை.