மணக்கும் புனிதர்கள்

சிவகாசியில் ஈரம் என்றால் வேலை நின்றது என்று அர்த்தம். மழைக்காலத்தில் பட்டாசு மருந்து காயாது, தீக்குச்சி நமத்துப்போகும். இந்த ஊர்க்காரனுக்கு, சிற்பி பெனிதா பெர்சியாள் குந்திரிக்கத்தில் புனிதர்களைச் செய்து கொச்சியின் கடற்காற்றில் நிறுத்தியது பெருந்துணிச்சலாகப் படுகிறது.

திருவண்ணாமலையில் பிறந்தவர் அவர். 2014 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சியில், பெப்பர் ஹவுஸ் என்னும் பழைய சரக்குக் கிடங்கில் ‘நம்பிக்கையின் நெருப்பு’ வரிசையை வைத்தார். இயேசுவின் சீடர் தோமா, பண்டைய துறைமுகமான முசிறிக்கு வந்த பயணமே கரு. குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், நறுமணப் பொருட்கள் கொண்டு கிறிஸ்துவையும் புனிதர்களையும் வார்த்தார்.

இதன் பலம் முழுவதும் பொருளில் இருக்கிறது. குந்திரிக்கம் அரேபியாவிலும் சோமாலியக் கரையிலும் வடியும் பிசின். நறுமணப் பொருட்களோ கேரளக் கரையிலிருந்து கப்பலேறியவை. எதிரெதிர்த் திசையில் போன சரக்குகள் ஒரே உடலில் சேர்கின்றன. பயணத்தைச் சொல்ல வரைபடமோ பாய்மரமோ தேவைப்படவில்லை. பூசைக்கு உரிய வாசம் நிறைந்ததும் கிடங்கே கோவிலாகிவிடுகிறது.

எங்கள் அச்சகங்கள் வேளாங்கண்ணி மாதாவையும் பழனி முருகனையும் ஒரே எந்திரத்தில் அச்சிட்டு நாடெங்கும் அனுப்புகின்றன. அந்தப் படங்கள் எந்தச் சுவருக்கும் பொருந்தும். இந்தச் சிலைகள் அப்படியல்ல. வேறு கூடத்துக்குக் கொண்டுபோனால் அழகு மிஞ்சும், பாதி அர்த்தம் கிடங்கிலேயே தங்கிவிடும். அதைக் குறையாக நான் எண்ணவில்லை.

தோமா கி.பி. 52இல் வந்தார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் மரபு. நம்பிக்கையில் பிறந்த படைப்பிடம் வரலாற்றுச் சான்று கேட்பது முறையல்ல. நான் காணும் குறை வேறு. ‘தோமாவின் பணிகள்’ என்னும் பழைய நூலில் அவர் ஒரு வணிகனிடம் அடிமையாக விற்கப்பட்ட தச்சர். அந்தத் தச்சரை மறைத்துக்கொண்டு புனிதர் மேலோங்கி நிற்கிறார். மிளகு பறித்தவர், துடுப்புப் போட்டவர், இதே கிடங்கில் மூட்டை இறக்கியவர் யாரும் மையத்துக்கு வரவில்லை. சரக்குக்கு உடல் கொடுத்த கலைஞர், அதைச் சுமந்தவர்களுக்கும் கொடுத்திருக்கலாம். பட்டாசுப் பெட்டியின் லேபிளில் திரி வைத்த பெண்ணின் முகத்தைக் கண்டிராத ஊரிலிருந்து பார்க்கையில், இந்த விடுபடல் சிறியதாகத் தெரியவில்லை.

சிவகாசியிலும் பழைய அச்சுக்கூடங்கள், தீப்பெட்டிக் கிடங்குகள் இருக்கின்றன. அங்கே ஒரு படைப்பை வைக்க முன்வரும் இளம் கலைஞர்கள் பொருளைப் பேசவைக்கும் திறனைப் பெனிதாவிடம் கற்றுக்கொள்ளட்டும். ஆனால், அந்தக் கூடங்களில் வேலை பார்த்தவர்களை முதலில் சந்தித்துவிட்டே தங்கள் படைப்பைத் தொடங்க வேண்டும்.