கட்டத்துக்குள் அடைபட்ட விதிகள்

இயற்கணிதப் பாடநூல்கள் பலவற்றில் அடுக்குக்குறி விதிகளைக் கட்டம் கட்டி அச்சிட்டிருப்பார்கள். பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டு, வகுக்கும்போது கழி, அடுக்கின்மேல் அடுக்கு வந்தால் பெருக்கு, அடுக்கு பூச்சியமானால் விடை 1. கட்டத்தின் கீழே பயிற்சிக் கணக்குகள். மாணவர்களும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இதில் குறை என்ன?

2³ + 2⁴ எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 2⁷ என்று விடை சொல்பவர் உண்டு. உண்மையில் 8 + 16 = 24; 2⁷ என்பதோ 128. ‘கூட்டு’ என்ற கட்டளை நினைவில் நின்றது. அதன் காரணம் நிற்கவில்லை. 2³ என்பது மூன்று இரண்டுகளின் பெருக்கம். 2⁴ என்பது நான்கு இரண்டுகளின் பெருக்கம். இரண்டையும் பெருக்கினால் ஏழு இரண்டுகள் ஒரே வரிசையில் சேர்கின்றன. நடுவே கூட்டல் குறி இருந்தால் அந்த வரிசையே அமையாது. இதை ஒருமுறை எண்ணிப் பார்த்தவர் விதியை மறந்தாலும் மீண்டும் கண்டுகொள்வார்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. கட்டத்திலுள்ள விதிகள் யாவும் ஓரினம் அல்ல. மேலே கண்டது எண்ணி அறிந்த உண்மை. 2⁰ = 1 என்பதை அப்படி எண்ணி அறிய முடியாது; எண்ணுவதற்கு அங்கே ஓர் இரண்டுகூட இல்லை. 2³ ÷ 2³ = 1 என்பது நமக்குத் தெரியும். கழித்தல் விதி இங்கும் செல்ல வேண்டுமானால் 2⁰ என்பதற்கு 1 என்றே பொருள் கொள்ள வேண்டும். இது நிறுவல் அன்று. விதி முறியாமலிருக்க நாம் வகுத்துக்கொண்ட வரையறை. 2⁻³ = ⅛ என்பதும் அவ்வாறே. பாடநூல் இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விடும்போது, கணிதம் என்பது யாரோ இட்ட ஆணை என்ற எண்ணமே மாணவர் மனத்தில் படிகிறது. ‘அடிமானம் பூச்சியமாக இருத்தல் கூடாது’ என்ற குறிப்பும் வெறும் சடங்காகிவிடுகிறது. பூச்சியத்தால் வகுக்க இயலாது என்பதே அதன் காரணம்.

ஜெர்மானியக் கணித அறிஞர் மைக்கேல் ஸ்டீஃபெல் 1544-இல் வெளியிட்ட ‘அரித்மெட்டிகா இன்டெக்ரா’ நூலில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. அவர் இரண்டு வரிசைகளை மேலும் கீழுமாக எழுதினார். மேல்வரிசை −3, −2, −1, 0, 1, 2, 3 என்று செல்லும். கீழ்வரிசை ⅛, ¼, ½, 1, 2, 4, 8 என்று செல்லும். வலப்புறம் ஓரடி வைத்தால் மேலே ஒன்று கூடும், கீழே இரட்டிக்கும். இடப்புறம் வந்தால் மேலே ஒன்று குறையும், கீழே பாதியாகும். பூச்சியத்தின்கீழ் 1 தானே வந்து அமர்கிறது. ¼-ஐ 8-ஆல் பெருக்க வேண்டுமா? மேலேயுள்ள −2-ஐயும் 3-ஐயும் கூட்டுங்கள், 1 வரும். அதன்கீழ் இருப்பது 2. அதுவே விடை. நேப்பியர் 1614-இல் வெளியிட்ட மடக்கைகளுக்கும் இத்தகைய உறவே அடிப்படை.

இன்று நாம் எழுதும் 2³ போன்ற குறியீடு, டெகார்ட்டேயின் 1637-ஆம் ஆண்டு வடிவியல் நூலுக்குப் பிறகே பரவியது. குறியீடு நிலைபெறும் முன்பே கருத்து தெளிவாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கட்டமே வேண்டாம் என்பதில்லை. திருப்பிப் பார்க்க அது உதவும். ஆனால் அதன் இடம் பாடத்தின் இறுதி, தொடக்கம் அன்று. மாணவ நண்பர்களே, 27, 9, 3 என்று எழுதி, ஒவ்வோர் அடியிலும் மூன்றால் வகுத்துக்கொண்டே செல்லுங்கள். 3⁰, 3⁻¹, 3⁻² ஆகியவற்றின் மதிப்புகள் பாடநூலைத் திறக்காமலே உங்களுக்குக் கிடைத்துவிடும்.