பிடித்தவனின் வாக்கு

2008 சிட்னி டெஸ்ட் என்று பேச்செடுத்தால் நம்மாட்கள் ஹர்பஜனில் ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் பக்னரில். எனக்கு அந்த மேட்ச்சில் முக்கியமாகப் படுவது ஐந்தாம் நாள் கங்குலி அவுட் ஆன விதம். பிரெட் லீ பந்தில் எட்ஜ். ஸ்லிப்பில் மைக்கேல் கிளார்க் தரையோடு தரையாக விழுந்து எடுத்தார். கங்குலி நகரவில்லை. அம்பயர் மார்க் பென்சன் மூன்றாவது நடுவரிடம் போகாமல் ஆஸ்திரேலியக் கேப்டன் பாண்டிங்கைக் கேட்டார். பாண்டிங் விரலை உயர்த்தினார். கங்குலி 51 ரன்னோடு வெளியேறினார்.

இதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. சந்தேகமான கேட்ச்களில் ஃபீல்டரின் வார்த்தையை ஏற்றுக்கொள்வது என்று கும்ப்ளேவும் பாண்டிங்கும் தொடருக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே கிளார்க், முந்தின நாள் கும்ப்ளேவின் பந்தை முதல் ஸ்லிப்பில் திராவிட் கையில் கொடுத்துவிட்டு, அம்பயர் சொல்லட்டும் என்று கிரீஸில் நின்றவர். அதில் விதிமீறல் எதுவுமில்லை. ஆஸ்திரேலியர்கள் காலங்காலமாக அப்படித்தான். பேட் கையில் இருந்தால் உண்மையைச் சொல்வது அம்பயர் வேலை, பேட் இல்லாவிட்டால் என் வாக்கே உண்மை. எனக்கு உறுத்துவது இந்த வசதிதான்.

அதற்காகக் கிளார்க் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் எப்படி இருக்கும் என்பதற்கு 2003 முல்தான் டெஸ்ட் இருக்கிறது. ரஷீத் லத்தீஃப் அலோக் கபாலியின் கேட்ச்சைத் தவறவிட்டு, கீழே கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு அப்பீல் செய்தார். மேட்ச் ரெஃப்ரி மைக் ப்ராக்டர் ஐந்து ஒருநாள் போட்டிகளுக்குத் தடை போட்டார். பாகிஸ்தான் அந்த டெஸ்ட்டை ஒரே ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. வங்கதேசம் முதல் டெஸ்ட் வெற்றிக்கு 2005 வரை காத்திருந்தது.

இன்னொரு பக்கம் 2001 வான்கடே. திராவிடைப் பிடித்துவிட்டதாக மைக்கேல் ஸ்லேட்டர் கொண்டாடினார். ரீப்ளே தெளிவாக இல்லாததால் நாட் அவுட். ஸ்லேட்டர் நம்ம வெங்கட்ராகவனிடமும் திராவிடிடமும் போய்ச் சண்டை பிடித்தார். பார்க்க அசிங்கம்தான். ஆனால் ஏமாற்றுபவன் இவ்வளவு கொதிப்பானா? ஸ்லேட்டர் மனதார நம்பியிருக்கிறார். முழு வேகத்தில் டைவ் அடிப்பவனின் விரலுக்கு, பந்து வந்து விழுவதும் புல் உரசுவதும் ஒரே நொடிக்குள் நடக்கிறது. மீதியை ஆசை நிரப்பிவிடும். கதைகளில் தன்மையில் பேசும் கதைசொல்லியைச் சந்தேகத்தோடு வாசிக்கப் பழகிய நாம், ஃபீல்டரை மட்டும் யோக்கியன் அல்லது அயோக்கியன் என்று இரண்டே பெட்டிக்குள் போடுகிறோம்.

சரி, கேமரா? தூரத்து லென்ஸ் ஆழத்தைத் தட்டையாக்கிவிடும். விரலுக்கு முன்னால் இருக்கிற புல், பந்தின் மேலேயே இருப்பதுபோல் தெரியும். ஸூம் பண்ணப் பண்ண புல்தான் பெரிதாகிறது, தகவல் கூடுவதில்லை. 2023 ஜூனில் ஸாஃப்ட் சிக்னலை எடுத்தார்கள். அதே மாதம் ஓவலில், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், காமரூன் க்ரீன் ஷுப்மன் கில்லைப் பிடித்தார். மூன்றாவது நடுவர் அவுட் என்றார். பிடித்ததாகவே நினைத்தேன் என்று பிறகு க்ரீன் சொன்னார். கில் அந்தப் படத்தைப் பதிவிட்டதற்கு மேட்ச் ஃபீஸில் 15 சதவீதம் அபராதம் கட்டினார். ஒரே படம், ஆஸ்திரேலியர்களுக்கு அதில் விரல் தெரிந்தது, நமக்குப் புல்.

கும்ப்ளே–பாண்டிங் ஏற்பாட்டில் 'ஆமாம்', 'இல்லை' இரண்டுக்கும் இடமிருந்தது. 'தெரியல, மேல கேளுங்க' என்று ஒரு ஃபீல்டர் சொல்வதைத்தான் நான் நேர்மை என்பேன். அதைச் சொல்ல அவனுக்கு இருப்பது ஒரு நொடி; அதற்குள் பத்துப் பேர் ஓடிவந்து கட்டிப்பிடித்துவிடுவார்கள். சிட்னியில் அன்று மாலை ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி இருந்தபோது கடைசி மூன்று விக்கெட்டையும் ஒரே ஓவரில் எடுத்தவரும் கிளார்க்தான். அடுத்த பெர்த் டெஸ்ட்டுக்கு முன்பே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.