வேஷங்களின் லக்ஷணம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிற கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள சீமை, தெருக்கூத்தின் சொந்தச் சீமை. கிழக்கே செஞ்சிக்கு அருகில், திரௌபதி வழிபாட்டின் மூலஸ்தானம் என்று பக்தர்கள் போற்றும் மேலச்சேரிக் கோயில் இருக்கிறது. வடக்கே செய்யாற்றுப் பக்கத்தில், தலைமுறை தலைமுறையாகக் கூத்தையே குலதனமாகக் காத்துவரும் தம்பிரான்களின் புரிசை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில், திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைத்துவிட்டால், பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக ஊரே ஒரு மகாகாவியத்துக்குள் குடியேறிவிடும். அந்தக் கூத்தில் நான் நெடுநாளாக ரசித்துவருகிற அம்சம் ஒன்று உண்டு. பாட்டின் இனிமையும் ஆட்டத்தின் வேகமும் எல்லோரும் அறிந்தவை. ஒரு வேஷத்தை மற்றொரு வேஷத்தினின்றும் பிரித்து நிறுத்தும் அந்த அபூர்வமான வகுப்பு ஞானத்தைப் பற்றி மாத்திரம் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அதைப் பற்றிப் பேசுவதற்கு இப்போது புதியதொரு நிமித்தமும் வாய்த்திருக்கிறது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை மனத்தில் தரித்து, பகடை உருட்டிக் கற்பனை உலகொன்றில் சஞ்சரிக்கும் விளையாட்டு நம் இளைஞர்களிடையே பரவிவருகிறது. அதன் மூதாதையான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவரால் உருவாக்கப்பட்டு 1974-இல் வெளிவந்தது. ஆடுகிறவர் எந்த வகைப் பாத்திரம் என்பதை முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் மூலவிதி. ஆதியில் இருந்தவை மூன்றே வகை: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. அடுத்த ஆண்டு வந்த கிரேஹாக் என்னும் துணைநூலில் திருடன் நாலாவதாகச் சேர்ந்தான். அதற்குப் பிறகு இன்றுவரை இவ்வகை விளையாட்டுகளைச் சிருஷ்டிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஓயாத கவலை ஒன்றுதான்: ஒன்றைப்போல் மற்றொன்று ஆகாத, பெயரை மறைத்தாலும் இன்னாரென்று தெரிகிற பாத்திர வகைகளை அமைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நம் கூத்துக் களரியில் வெகுகாலத்துக்கு முன்பே விடை ஆடப்பட்டுவிட்டது என்பது என் துணிபு.

பாத்திரங்களை வகைப்படுத்துவது நம் நாட்டுக்குப் புதிதன்று. வடமொழி நாடக சாஸ்திரிகள் நாயகனைத் தீரோதாத்தன், தீரலலிதன், தீரோத்ததன், தீரசாந்தன் என்று நான்காகப் பகுத்தார்கள். கேரளத்துக் கதகளி, பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு என்று முகத்தெழுத்தைக் கொண்டே ஸ்வபாவத்தை வகுத்தது. பச்சையைக் கண்டால் உத்தமன், கத்தியைக் கண்டால் வீரமும் அகந்தையும் கலந்தவன் என்று சபை அறிந்துகொள்ளும். இவை குணத்தால் வகுத்த வகுப்புகள். தெருக்கூத்து இவற்றிலிருந்து ஓரடி அப்பால் போயிற்று. ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதோடு நில்லாமல், அவன் எப்படி வருவான், எதைச் சுமப்பான், எதைச் செய்யமாட்டான், யாரில்லாமல் அவன் கதை நடவாது என்பனவற்றையும் சேர்த்து வேஷமாக்கியது.

இதன் லக்ஷணங்களை அறிய, மரக்கட்டை அணிகள் பூணும் கட்டை வேஷத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தைச் செதுக்கி, வர்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் பதித்துச் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும், அரிதாரம் பூசி மீசை தீட்டிய முகமும், புடவைகளை அடுக்கிக் கட்டிய அகன்ற பாவாடையும், முழங்காலுக்குக் கீழே சுற்றிய சலங்கையும் சேர்ந்து, சாதாரண உழவர் ஒருவரின் சரீரத்தை ஒன்றரை மடங்கு பெருக்கிவிடுகின்றன. கிரீடம் வைத்தவனும் சிகரேக்கு என்னும் வேறு வகைத் தலையணி வைத்தவனும் தூரத்திலேயே வேறு வேறு ஆள். தலையின் வடிவைக் கொண்டே அந்தஸ்து தெரிந்துவிடும். முகத்தின் நிறம் ஜமாவுக்கு ஜமா சற்று மாறக்கூடுமாயினும், துரியோதனனுடைய சிவப்பையும் கிருஷ்ணனுடைய பச்சையையோ நீலத்தையோ கடைசி வரிசையில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியும் மாற்றிச் சொல்லமாட்டாள். பேசுவதற்கு முன்பே இனம் தெரிதல் என்பது முதல் லக்ஷணம்.

வருகை என்பது இரண்டாவது லக்ஷணம். இரண்டு பேர் முனைக்கொருவராகப் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னாலிருந்து முதலில் கிளம்புவது சலங்கைச் சத்தம்; பிறகு, முகத்தைக் காட்டாமலே, தன் குலமும் கோபமும் தொனிக்க ஒரு விருத்தம்; திரையின் விளிம்புக்கு மேலே கிரீடத்தின் உச்சி மாத்திரம் தெரிந்து, அதிலுள்ள கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியை வாங்கி ஜனங்களின்மேல் எறியும். முகவீணை உச்சத்தில் கூவ, மத்தளம் நெருங்கி ஒலிக்க, பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாட, பார்க்கிறவர்களின் பொறுமை இனித் தாங்காது என்ற கணத்தில் திரை விலகி, துரியோதன மகாராஜா கிறுக்கி அடித்துச் சுழன்றுகொண்டு சபையில் பிரவேசிக்கிறார். பாவாடை குடையாக விரிகிறது. அதன்பின் கூத்தின் விதூஷகனான கட்டியக்காரன் எதிரே வந்து, தாங்கள் யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று ஒன்றுமறியாதவன்போல் விசாரிக்க, மகாராஜா தம் வாயாலேயே தம் பெருமையை விஸ்தரிக்கிறார். புதிய பாத்திர வகை ஒன்றை உண்டாக்குகிறவர், அந்தப் பாத்திரம் முதன்முதல் தோன்றும் விதத்தில் இந்தச் சிரத்தையில் கால்பங்கு காட்டினாலும், பின்னால் பத்துப் பக்கம் விதிகளை எழுதவேண்டிய அவசியம் வராது.

மூன்றாவதான லக்ஷணமே எல்லாவற்றிலும் முக்கியமானது. நான் சொல்ல வந்ததும் அதைத்தான். பாரதக் கூத்தின் ஒவ்வொரு பெரிய வேஷத்துக்கும் ஒரு சக்தி உண்டு. அந்தச் சக்தியோடு பிணைத்து ஒரு பூட்டும் உண்டு. அபிமன்யுவுக்குச் சக்கரவியூகத்தினுள் நுழையத் தெரியும், வெளிவரத் தெரியாது. கர்ணன் நாகாஸ்திரத்தை வைத்திருக்கிறான். ஆயினும் அதை மறுமுறை தொடுப்பதில்லை என்றும், அர்ச்சுனனைத் தவிர மற்றப் பாண்டவரைக் கொல்வதில்லை என்றும் குந்திக்கு வாக்களித்துவிட்டான். கேட்டவர்க்கு இல்லையென்று சொல்ல அறியாத அவனுடைய மகாகுணமே அவனுடைய மரணத்தின் வாயிலாகவும் ஆகிவிடுகிறது. துரியோதனனுடைய தேகம் அசைக்க முடியாதது, தொடையைத் தவிர. திரௌபதியோ துகிலுரிந்த சபையிலே செய்த சபதத்தால் விரித்த கூந்தலை முடியாமல் பதினெட்டாம் நாள் வரை காத்திருக்கிறாள். பதினெட்டாம் நாள் போரை நடித்துக்காட்டும் படுகளத்தில், தரையில் மண்ணால் வடித்துக் கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன் தொடையைப் பீமன் பிளந்த பிறகுதான் அந்தக் கூந்தல் முடியப்படுகிறது. இந்த ஒரு வேஷத்தின் விரதம், ஓர் ஊரின் பல நாள் திருவிழாவுக்கே முதுகெலும்பாக நிற்கிறது. அந்த விரதத்தின் கனத்தை ஆடுகிறவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். துச்சாதனன் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் காட்டி வணங்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

பலத்தை மாத்திரம் வைத்துப் பார்த்தால் கர்ணனும் அர்ச்சுனனும் ஒரே வகை: இருவரும் வில்லாளிகள், இருவரும் தேரேறிகள், இருவரும் தேவபுத்திரர்கள். ஆனால் கூத்துப் பார்த்த எவரும் அவர்களை ஒரே வகையென்று சொல்லமாட்டார். தவம் செய்து பாசுபதத்தை வாங்கிவருவதற்காகத் தபசு மரத்தின் உச்சிவரை படி படியாகப் பாடி ஏறுகிறவன் ஒருவன். இருந்ததையெல்லாம் கொடுத்துத் தேய்ந்து மோட்சம் அடைகிறவன் மற்றவன். ஒருவனுடைய இரவு அர்ச்சுனன் தபசு. மற்றவனுடைய இரவு கர்ண மோட்சம். பூட்டு வேறாக இருப்பதனால் வேஷமும் வேறாகிறது.

1974-இல் அந்த அமெரிக்கர்கள் கண்டதும் ஏறக்குறைய இதுவே. அவர்களுடைய மந்திரவாதி கவசம் பூணமாட்டான், கத்தியைத் தவிர வேறு ஆயுதம் எடுக்கமாட்டான், ஒரு நாளுக்கு இத்தனை மந்திரமென்ற அளவையும் மீறமாட்டான். சமயகுரு கூரிய ஆயுதத்தைத் தொடமாட்டான். இந்த விலக்குகளே ஒருவனை மற்றொருவனிடம் அனுப்பிவைத்தன. மந்திரவாதியின் முன்னே வீரன் நின்றாக வேண்டும். அடிபட்ட வீரன் சமயகுருவை நாடியாக வேண்டும். பின்னால் வந்த விளையாட்டுகள் சிலவற்றிலே, ஆடுகிறவர்களைத் திருப்திப்படுத்த வேண்டுமென்ற நல்லெண்ணத்தால் எல்லாப் பாத்திரத்துக்கும் எல்லாச் சக்தியும் சிறுகச் சிறுக வழங்கப்பட்டு, ஒருவன் நெருப்பை எறிய மற்றவன் பனியை எறிகிறான் என்ற அளவில் பேதம் சுருங்கிப்போனதைக் காண்கிறோம். நிறம் மாறியது, வேஷம் மாறவில்லை.

இத்தனை பூட்டுகளுக்கும் நடுவே பூட்டே இல்லாத ஒரு வேஷத்தையும் கூத்து வைத்திருக்கிறது. கூம்புக் குல்லாய் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் களரிக்கு வருகிற கட்டியக்காரனுக்குக் கட்டையில்லை, குலமில்லை, சபதமில்லை. அவன் ராஜாவுக்குச் சேவகன், ராணிக்குத் தோழி, தூதுக்குத் தூதன், ஊர்வம்புக்கு ஊரான். அத்தினாபுரத்தையும் நேற்று உள்ளூர்ச் சந்தையில் விற்ற நிலக்கடலையின் விலையையும் ஒரே மூச்சில் இணைத்துப் பேசி, அழுதுகொண்டிருந்த சபையைச் சிரிக்கவைக்கிற அதிகாரம் அவன் ஒருவனுக்கே உண்டு. ஆயினும் அவனால் யாரையும் வெல்ல முடியாது. கதையின் போக்கை ஓர் அங்குலமும் மாற்ற முடியாது. எங்கும் போகலாம், எதையும் வெல்லலாகாது என்ற இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நினைக்க நினைக்க, இதை யோசித்த அந்தப் பெயரறியாத முன்னோரின் புத்தியை வியக்காமல் இருக்க முடிவதில்லை. அவன் ஒருவன் தளர்ந்து நிற்பதனாலேயே மற்றவர்களுடைய விறைப்பு நமக்கு விறைப்பாகத் தெரிகிறது.

நாடகாசிரியர் ந. முத்துசாமி, புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அதில் நவீன நாடகத்துக்கான மூலதனத்தைக் கண்டுகொண்டார். அதிலிருந்து 1977-இல் கூத்துப்பட்டறை என்னும் அவருடைய நாடகக் குழு பிறந்தது. மேடைக்கு உதவிய அந்த மூலதனம் மேசைக்கும் உதவும். பகடை விளையாட்டுக்குப் புதுப் பாத்திர வகைகள் எழுத முனையும் தம்பி தங்கையருக்கு நான் சொல்வது இதுதான்: சக்திகளின் பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் பாத்திரம் எதைச் செய்யாது, ஏன் செய்யாது, அந்தக் குறையை நிரப்ப யாரிடம் போய் நிற்கும் என்ற மூன்றையும் முதலில் எழுதுங்கள். வருகிற சித்திரையிலோ வைகாசியிலோ இந்தப் பக்கத்து ஊர் ஏதாவது ஒன்றில் பாரதம் வைத்தால், கர்ண மோட்சத்தன்று இரவு பத்து மணிக்கே போய் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்து, விடியும்வரை எழுந்திராமல் பாருங்கள்; கூத்துக்கு டிக்கெட் கிடையாது.