அணுவுக்குள்ளே பார்த்த கண்

பார்ப்பவன் இல்லாமல் உலகம் இல்லை, குவாண்டம் இயற்பியலே இதை ஒப்புக்கொண்டுவிட்டது, நம் ரிஷிகள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை ஆன்மிக வகுப்புகளில் இந்த மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. படித்த நம் பிள்ளைகளே கேட்டுட்டு வந்து, "இதுல ஏதோ இருக்குண்ணே"ங்கறாங்க. இருக்கத்தான் செய்கிறது. என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். அடையாறு ஆற்றங்கரை வரை போனால் போதும்.

பிரம்மஞான சபையின் தலைமையிடம் 1882-இல் அங்கே வந்தது. சபையின் அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் 1895-இல் இங்கிலாந்தில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். கருவி எதுவும் இல்லாமல், ஞானக்கண்ணாலேயே அணுவுக்குள் பார்ப்பது. அதன் விளைவு 1908-இல் 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி' என்ற நூலாக வந்தது. ஹைட்ரஜனுக்குள் 18 நுண்துகள்களைக் கண்டதாக அதில் எழுதினார்கள். அந்தத் துகளுக்கு அவர்கள் வைத்த பேர் 'அணு'. ஹைட்ரஜனில் இருப்பதோ ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். அதற்குப் பிறகும் விடவில்லை. அந்தப் படங்களைக் குவார்க்குகளோடு பொருத்திக் காட்ட இயற்பியல் படித்த ஒருவர் 1980-இல் தனியாக ஒரு புத்தகமே போட்டார். குவாண்டமும் ஆன்மிகமும் பேசிக்கொள்ளும் 'உரையாடல்' நம்ம ஊரில் இப்படித்தான் வேர்விட்டது.

நூல் வந்த அடுத்த வருஷம், 1909 பிப்ரவரியில், 'இந்தியன் ரிவ்யூ'வில் அதே பெசன்ட் அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக்கூடாது என்பது வாதம். காரணம்? அந்த உடல்களின் நாற்றம், குடி, அவர்கள் தின்னும் சோறு. உடம்பு சுத்தமாகச் சில தலைமுறைகள் ஆகுமாம். இதை அம்பேத்கர் 1945-இல், காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்ட நூலில் எடுத்து வைத்திருக்கிறார். இவ்வளவுக்கும், அதே சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஆல்காட் 1894-இலேயே அடையாறில் பஞ்சமர் பள்ளியைத் திறந்திருந்தார். 1898-இல் அயோத்திதாசரை இலங்கைக்கு அழைத்துப்போனவரும் அவர்தான். ஆல்காட் 1907-இல் இறந்த பிறகு சபையின் தலைமை பெசன்டிடம் வந்தது.

ஹைட்ரஜனுக்குள் 18 எண்ணிய கண்ணுக்குச் சேரிப் பிள்ளைக்குள் ஒன்றும் தெரியவில்லை, மூக்குதான் வேலை செய்தது. இதை வெறும் இரட்டை வேடம் என்று தள்ளிவிட்டால் விஷயம் நழுவிப்போகும். ஆன்ம வளர்ச்சியில் மேலே ஏறியவர்களுக்கே அந்தக் கண் திறக்கும் என்பது அவர்களுடைய கோட்பாடு. அப்படியானால் அவர்கள் கண்டதை நீங்களும் நானும் சரிபார்க்க வழியில்லை. கேள்வி கேட்டால், "உனக்கு இன்னும் பக்குவம் வரலை" என்று பதில் வரும். இந்தப் பதிலை நாம் எத்தனை நூற்றாண்டாகக் கேட்டுக்கிட்டிருக்கோம்!

இயற்பியல் வேறு மாதிரி நடக்கிறது. குவாண்டம் கோட்பாட்டில் 'பார்த்தல்' என்பது துகள் ஒரு கருவியோடு மோதித் தடயம் விடுவது. ராத்திரி பூட்டிய ஆய்வகத்தில், ஆளே இல்லாதபோதும் புகைப்படத் தகடு எலெக்ட்ரானைப் பதிவுசெய்யும். அளவீட்டின்போது உண்மையில் நடப்பது என்ன என்பதில் இன்றைக்கும் சண்டை தீரவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. அளவீட்டை முடித்துவைப்பது பிரக்ஞைதான் என்று 1961-இல் விக்னர் எழுதினார். அவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். பின்னாளில் அந்தக் கருத்தை அவரே கைவிட்டார். வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். ஒரு ஞானி தன் தரிசனத்தை இப்படித் திரும்பப் பெற்றதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

காப்ராவின் 'தி டாவோ ஆஃப் பிசிக்ஸ்' (1975) இந்த வகை நூல்களுக்கெல்லாம் தாய். அணுத்துகள்களின் ஓயாத ஆக்கமும் அழிவும் சிவனின் நடனம்தான் என்கிறது அது. 2004-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இந்திய அரசு கொடுத்த நடராசர் சிலையையும் நிறுத்தினார்கள். உவமை அழகாகத்தான் இருக்கு. ஆனால் தில்லையில் அந்த நடனத்தைப் பார்க்க ஆசைப்பட்ட நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்தது. பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் ஒன்று என்று உபதேசிப்பவர்கள், பார்ப்பதற்கே எரிய வேண்டியிருந்தவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் புதிரை வண்ணார் கண்ணில் பட்டாலே தீட்டு என்று இரவில் மட்டும் நடமாட விடப்பட்டார்கள். 1932 டிசம்பரில் பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியையும் அம்பேத்கர் பதிந்து வைத்திருக்கிறார். பார்வை யதார்த்தத்தை உண்டாக்கும் என்பதற்கு ஆய்வகத்தில் சாட்சி தேட வேண்டாம். பார்வையே ஒரு சமூகத்தை இருட்டுக்குள் தள்ளிய ஊர் இது.

நம் பக்கத்திலும் இந்த உரையாடல் நடந்திருக்கிறது, பெரிதாகப் பேசப்படவில்லை. பச்சையப்பன் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு 1907-இல் 'பௌத்தத்தின் சாரம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சாதி பற்றி ஓர் அத்தியாயம், ஆன்மா இல்லாத ஆளுமை பற்றி இன்னோர் அத்தியாயம், இரண்டும் ஒரே அட்டைக்குள். 1948-இல் அதன் மூன்றாம் பதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை தந்தார். பிறகு 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், ஆன்ம நம்பிக்கையை மறுக்கும் இடத்தில், அவரும் இயற்பியலைத்தான் துணைக்கு அழைக்கிறார். மின்புலம் இருக்கும் இடத்தில் காந்தப்புலமும் கூடவே இருப்பதுபோல, உடல் இருக்கும் இடத்தில் பிரக்ஞை தூண்டப்படுகிறது என்கிறார்.

பாடப்புத்தகக் கணக்கில் இந்த உவமை கொஞ்சம் இடறும். அசையாமல் நிற்கும் மின்னூட்டத்துக்கு மின்புலம் மட்டும்தான் உண்டு, காந்தப்புலம் கிடையாது. ஆனால் இப்படி இடறுவதைப் பதினோராம் வகுப்புப் பிள்ளை கூட எழுந்து சொல்லலாம். ஞானக்கண்ணுக்கு அப்படிச் சொல்ல முடியாது. உவமையை விட முக்கியமானது அது போகும் திசை: அம்பேத்கர் உடலிலிருந்து தொடங்குகிறார். அடையாறில் தொடங்குகிறவர்களுக்கு உடல் கடைசியில்தான் வரும், அதுவும் நாற்றமாக.

உடலிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? தென்புறநகரில் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் இன்னும் பல. வீட்டுக்கு வீடு மலத்தொட்டி. அதில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடினால் முதலில் மோப்ப நரம்பு மரத்துப்போகும், அப்புறம் ஓரிரு மூச்சில் நினைவு போய்விடும். பிரக்ஞை உடலை நம்பி இருக்கிறதா இல்லையா என்ற விவாதம் அங்கே சில நொடியில் முடிகிறது. ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடுக்கிறது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. தொகையைக் கூட்ட வேண்டி வந்ததே, தொட்டிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை என்பதால்தான். எல்லாம் மாயை என்று கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர் தொட்டி நிரம்பினால் யாருக்குப் போன் போடுகிறார் என்பதையும் அந்த வகுப்பில் கேட்கலாம்.

தாம்பரம் பக்கம் வாசகர் கூட்டம் நடத்தும் தோழர்கள் ஒருமுறை நரசுவின் நூலை எடுத்துக்கொள்ளட்டும். சாதி அத்தியாயத்தையும் ஆளுமை அத்தியாயத்தையும் ஒரே உட்காரலில் வாசிக்கலாம். இயற்பியல் படிக்கும் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். காந்தப்புல விஷயத்தில் அவர்கள் அம்பேத்கரோடு சண்டை போடட்டும்.