விடை தெரிந்த கதை

இளமையில் சுவைத்த துப்பறியும் கதையை முதிர்ந்த பருவத்தில் மீண்டும் படிப்பவனுக்கு விடை முன்பே தெரியும். விடை தெரிந்த பின்னும் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே அக்கதையின் இலக்கியத் தகுதி. ஆர்தர் கோனன் டாயில் 1892இல் வெளியிட்ட ‘புள்ளிப் பட்டை’ என்னும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை இதற்குத் தக்க சான்று.

பூட்டிய அறையில் உறங்கிய ஜூலியா மாண்டாள்; கொன்றது பாம்பு. சிறுவனை நடுங்கவைத்த இம்மர்மம் வளர்ந்தவனுக்கு நகைப்பையே தருகிறது. பாலூட்டிப் பழக்கினால் சீழ்க்கையொலிக்குப் பணிந்து திரும்பும் பாம்பு உலகில் இல்லை.

ஆயினும் கதை வீழ்ந்துவிடவில்லை. பெண்கள் மணம் புரிந்தால் ஆளுக்கு 250 பவுன் ஆண்டு வருவாய் கைவிட்டுப் போகுமே என்று அஞ்சுகிறான் மாற்றாந்தந்தை ராய்லட். தாய் வைத்துச் சென்ற செல்வமே மகளுக்குக் கூற்றாகிறது. சிறுவன் காணாத இவ்வுண்மையே கதையின் உயிர்.

இறுதியில் ஹோம்ஸ் அடித்து விரட்டிய பாம்பு ராய்லட்டையே தீண்டிக் கொல்கிறது. அச்சாவுக்குத் தாமும் ஒரு காரணம் என ஒப்பும் ஹோம்ஸ், அது தம் மனச்சான்றைப் பெரிதும் வருத்தாது என்கிறார். சிறுவன் கைதட்டிய இவ்விடத்தில் முதிர்ந்த வாசகன் தயங்கி நிற்கிறான். துப்பறிபவரே தண்டிப்பவரும் ஆகலாமா?

கொலைஞன் யார் என்பதோடு பாடத்தை முடிக்காது, ஆசிரியர் இவ்வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும்.