‘கலா’வை மேளத்திலிருந்து கேட்பது

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தின் இரண்டாவது இசைத்தொகுப்பு ‘கலா’. 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டுகள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பரிசோதனை எலக்ட்ரோனிக் பொப் என்று அதை வகைப்படுத்துவார்கள். சினிமாப் பாட்டில் பழகியவர்கள் தேடும் மெட்டு, பல்லவி, சரணம், வயலின் இடையிசை எதுவும் அதில் லேசில் அகப்படாது. முதல் முறை கேட்பவர்களில் பலர் இரண்டாம் பாட்டோடு நிறுத்திவிடுவதற்கு அதுதான் காரணம். மெட்டைத் தேடிப் போனால் ‘கலா’ ஏமாற்றத்தான் செய்யும். மேளத்தைத் தேடிப் போக வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் தேரும் காவடியும் காமன் கூத்தும் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. தொகுப்பின் அடியில் உறுமிக்கொண்டிருப்பது அவர் அறிந்த உறுமி மேளம்தான்.

மாதங்கி மலையகத்தவர் அல்லர். 1975இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இடையில் சென்னையிலும் இருந்துவிட்டு, 1986இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக இலண்டன் திரும்பியவர். தந்தை ஈரோஸ் என்ற தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய இயக்கப் பெயர் அருளர். 2005இல் வந்த முதல் தொகுப்புக்கு அந்தப் பெயரையே மகள் வைத்தார். இரண்டாவதற்குத் தாயின் பெயர்.

அவர் இசை படித்தவரும் அல்லர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் படித்தார். பாட்டுக் கட்டக் கற்றது ரோலண்ட் எம்.சி.505 என்ற தாளப்பெட்டியில். அதில் பொத்தான்களைத் தட்டி ஒரு சிறு தாளத்தை அமைத்தால், நிறுத்தும்வரை அதையே வாசித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆர்மோனியத்தில் விரல் வைத்து மெட்டுப் பிடிப்பவர் பாட்டைத் தொடங்கும் இடம் வேறு, இந்தப் பெட்டியின் முன் உட்காருபவர் தொடங்கும் இடம் வேறு. இங்கே தாளம் முதலில் வரும். குரல் அதற்கு மேலே ஏறி உட்காரும். ‘அருளர்’ பெரும்பாலும் இந்த முறையில் உருவானது. ‘கலா’வில் பெட்டியின் இடத்தைக் கணினியும் ஊர் ஊராகப் பதிவு செய்த மேளங்களும் பிடித்துக்கொண்டன; முறை மட்டும் மாறவில்லை.

ஊர் ஊராகப் போக நேர்ந்ததற்கு விசாவும் ஒரு காரணம். அமெரிக்காவில் தங்கி, டிம்பலாண்ட் என்ற பெயர்பெற்ற தயாரிப்பாளரோடு வேலை செய்வது முதல் திட்டம். 2006இல் அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் வந்ததும், இந்தியா, டிரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, ஜப்பான் என்று பயணமே பதிவாயிற்று. இலண்டனைச் சேர்ந்த சுவிட்ச் என்ற தயாரிப்பாளர் பெரும்பாலான பாட்டுகளில் கூட இருந்தார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானைச் சந்தித்தபோது இருவரும் சேர்ந்து பாட்டு எதுவும் செய்யவில்லை. ஆனால் கோடம்பாக்கத்தில் இருக்கும் தமது ஏ.எம். ஸ்டூடியோவை ரஹ்மான் பயன்படுத்தக் கொடுத்தார். உறுமிக்காரர்களின் வாசிப்பு பதிவானது சென்னையில்தான். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பொய்ஸ்’ என்ற இரண்டு பாட்டுகளும் அதன் விளைவு.

முதலில் கேட்க வேண்டியது ‘பேர்ட் ஃப்ளூ’. குரலை அடியோடு மறந்துவிட்டு உறுமியை மட்டும் பின்தொடர வேண்டும். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றைக் குச்சியால் அடிப்பார்கள். மற்றதில் வளைந்த குச்சியை வைத்து அழுத்தி இழுப்பார்கள். அடிக்கும் சத்தம் விழுந்த இடத்தில் முடிந்துவிடும். இழுக்கும் சத்தம் முடியாமல் நீண்டு, ஏறி, இறங்கி, தொண்டைக்குள்ளிருந்து வருவதைப்போல் புரளும். எலக்ட்ரோனிக் இசையில் பேஸ் என்ற கீழ்த்தொனி செய்யும் வேலையைத்தான் இந்த இழுப்பு செய்கிறது. தனியாக சிந்தசைசர் வைத்து உருவாக்க வேண்டிய அதிர்வை ஒரு தோல் கருவி தருவதால், பாட்டில் வேறு வாத்தியம் அதிகம் தேவைப்படவில்லை. மீதி இடத்தில் கோழிகளின் கொக்கரிப்பு, பிள்ளைகளின் கூச்சல். லயத்துக் கோடியில் காலையில் கேட்கும் சத்தம்தான் என்றாலும், இங்கே அந்தக் கோழிச் சத்தம் தாளத்தில் குறித்த இடத்தில் வந்து விழுகிறது. அது எங்கே விழுகிறது என்று கவனிக்கத் தொடங்கியதுமே, இரைச்சலாகத் தோன்றியது ஒழுங்காகத் தெரியத் தொடங்கும்.

அடுத்து ‘பொய்ஸ்’. இங்கே உறுமியோடு டிரினிடாட்டின் சோக்கா ஓட்டம் கலந்திருக்கிறது. சோக்கா, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் இசையும் ஆபிரிக்க வழியினரின் கலிப்ஸோவும் கலந்து 1970களில் உருவான ஆட்ட இசை. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இரண்டு தோட்டக்காட்டு இசைகள் ஒரே பாட்டில் சந்தித்துக்கொள்கின்றன. பாடகி அதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது ரசனைக்கு அவசியமில்லாத கேள்வி.

இந்த இடத்தில் பழகிய காது ஒரு குறையையும் கண்டுபிடிக்கும். தீயில் காய்ச்சி விறைப்பேற்றிய தப்பும் உறுமியும் சேர்ந்து தேருக்கு முன்னால் வாசிக்கும்போது தாளம் ஒரே வேகத்தில் நிற்பதில்லை. மெதுவாகத் தொடங்கி, ஆடுகிறவரைப் பார்த்து வேகம் கூட்டி, ஓர் அடியிலிருந்து இன்னோர் அடிக்குத் தாவி, சாமி வருகிற கட்டத்தில் உச்சத்துக்குப் போகும். வாசிப்பவர் கண் ஆடுகிறவரின் காலில் இருக்கும். ‘கலா’வில் அப்படி இல்லை. வாசித்ததைச் சில விநாடித் துண்டாக நறுக்கி, கணினியின் மாறாத வேகத்துக்குள் பூட்டி, சுற்றவிட்டிருக்கிறார்கள். உறுமி இருக்கிறது, உறுமிக்காரரின் கண் இல்லை. இதை ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது வேறொன்று: ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும்போது, நேரடி வாசிப்பில் கவனிக்க நேரமில்லாமல் கடந்துபோகும் நுணுக்கங்கள், குச்சி தோலைத் தொடும் நொடி, இழுப்பின் நடுவே வரும் சிறு பிசிறு, எல்லாம் காதில் நிற்கின்றன. விமர்சகர்கள் இந்தத் தொகுப்பைப் புகழ்ந்தபோது பாடகியையும் தயாரிப்பாளர்களையும் பற்றித்தான் எழுதினார்கள். வாசித்தவர்கள் பெரும்பாலும் பேசப்படாமலே போனார்கள். தப்பும் பறையும் அடிப்பவருக்கு ஊரில் கிடைத்துவந்த மரியாதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

தொகுப்பில் உலகம் முழுவதும் தெரிந்த பாட்டு பதினோராவதான ‘பேப்பர் பிளேன்ஸ்’. இதில் உறுமி இல்லை. ஆனாலும் தோட்டத்து மேளத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இதைக் கேட்பது நல்லது. ஒரு காலத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்தார்கள், மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டக் கவிதையிலும் அந்தத் தப்போசை இருக்கிறது. சாவுக்கு வேறு அடி, சாமிக்கு வேறு அடி. லயத்துக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு சொல்லும் வேண்டாம், சத்தமே செய்தி. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பல்லவியின் அமைப்பும் இதுதான். சிறுவர் குரல்கள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்துகின்றன. வினைச்சொல் வர வேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடி. அதை அடுத்துத் தோட்டா ஏற்றும் சத்தம். அதற்கு அடுத்துக் கடைக் கல்லாப்பெட்டியின் மணி. சத்தங்கள் அந்த இடத்தில் அலங்காரமாக வரவில்லை, சொல்லாகவே வருகின்றன. விசாவுக்காக அலைக்கழிக்கப்பட்டவர், குடியேறிகள் எல்லோரும் பணம் பறிக்க வந்தவர்கள் என்ற பேச்சைக் கேலி செய்கிறார் என்று புரிந்துகொண்டால், அந்தக் கல்லாப்பெட்டி மணி சிரிப்பாகவும் கோபமாகவும் ஒரே நேரத்தில் கேட்கும். அமெரிக்காவில் எம்.டி.வி. அந்த வெடிச் சத்தத்தை மழுக்கித்தான் ஒளிபரப்பியது. சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் எப்படி நிற்கும்?

அந்தப் பாட்டின் அடியில் ஓடும் கிற்றார் இசை, த கிளாஷ் என்ற பிரித்தானியக் குழு 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டிலிருந்து எடுத்தது. அதுவும் குடியேறிகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் பற்றிய பாட்டு. இப்படிப் பழைய பதிவின் துண்டை எடுத்துப் புதிய பாட்டுக்குள் வைப்பதைச் சாம்ப்ளிங் என்கிறார்கள். ‘கலா’ முழுவதும் இந்த வேலைதான். தமிழ்க் காது தானாகவே அடையாளம் காணக்கூடிய இரண்டு துண்டுகள் அதில் உண்டு. தொகுப்பைத் திறக்கும் ‘பாம்பூ பாங்கா’வில் இளையராஜா ‘தளபதி’க்கு 1991இல் அமைத்த ‘காட்டுக்குயிலு’ இருக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வில், 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்துக்கு ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த திருவிழாப் பாட்டு. ஆங்கில இசை விமர்சகர் கவர்ச்சியான அந்நிய ஒலி என்று எழுதிவிட்டுப் போகும் இடத்தில், இங்கே உள்ளவருக்கு ரஜினியும் மம்மூட்டியும் ஆடிய ஆட்டம் நினைவுக்கு வரும். அந்த நினைவையும் பாட்டோடு சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. ‘காட்டுக்குயிலு’ முழுவதையும் ஒருமுறை கேட்டுவிட்டு உடனே ‘பாம்பூ பாங்கா’வுக்கு வருவது இன்னும் நல்லது. எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்பது அப்போது பளிச்சென்று தெரியும்.

‘ஜிம்மி’ என்ற நான்காம் பாட்டு துண்டு எடுப்பதோடு நிற்கவில்லை. பாட்டையே திரும்பப் பாடுகிறது. மூலம் 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்தில் பப்பி லஹிரியின் இசையில் பார்வதி கான் பாடியது. அந்த இந்திப் பாட்டே பிரெஞ்சு டிஸ்கோ குழுவான ஒட்டவானின் பாட்டொன்றைத் தழுவியதுதான். மாதங்கி சிறுமியாக இருந்தபோது விருந்துகளில் அந்த இந்திப் பாட்டுக்கு ஆடியவர். மெட்டு வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்குத் தொகுப்பில் உடனே பிடித்துப்போகக்கூடிய பாட்டு இது. ஆறாவது பாட்டில் அவுஸ்திரேலியாவின் வில்கேனியா ஊர்ப் பழங்குடிச் சிறுவர்கள் பாடுகிறார்கள், அடியில் டிஜெரிடூ என்ற ஊதுகுழல். ‘ஹஸல்’ பாட்டில் நைஜீரிய வழிவந்த இலண்டன் பாடகர் ஆஃப்ரிக்கன் போய் சேருகிறார். கடைசிப் பாட்டான ‘கம் அரவுண்ட்’ டிம்பலாண்டோடு செய்தது. முதலில் ஆசைப்பட்ட தயாரிப்பாளர் கடைசியில் கிடைத்தும், தொகுப்பில் தளர்ந்துபோன பாட்டு அதுதான். அதைத் தவிர்த்துவிட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’ஸோடு முடித்துக்கொண்டாலும் நட்டமில்லை.

எதில் கேட்பது என்பதும் ரசனையில் சேர்த்தி. தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் உறுமியின் இழுப்பு காணாமல் போய், அடி மட்டும் தகரத்தில் தட்டுவதுபோல் மிஞ்சும். அப்படிக் கேட்டுவிட்டுத் தொகுப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. காதை மூடும் ஹெட்ஃபோன் போதுமானது. அதைவிடப் பொருத்தமானது ஓட்டோக்களிலும் தனியார் பஸ்களிலும் பின்னால் பூட்டியிருக்கும் சபூஃபர். ‘பொய்ஸ்’ போன்ற பாட்டு கூட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் செய்தது. தனியாக உட்கார்ந்து கேட்கும்போது பாதிதான் கிடைக்கும்.

வெளிவந்தபோது ‘கலா’ அமெரிக்காவின் பில்போர்ட் 200 பட்டியலில் பதினெட்டாம் இடத்தில் நுழைந்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் அதை 2007இன் தலைசிறந்த தொகுப்பாகத் தெரிவு செய்தது. விமர்சகர்களின் பாராட்டைச் சாதாரணக் கேட்பவர்கள் எட்டிப்பிடிக்க ஓராண்டு ஆயிற்று. 2008இல் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ படத்தின் முன்னோட்டத்தில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஒலித்த பிறகு அந்தப் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம்வரை ஏறியது. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்திலும் இடம்பெற்றது. ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சென்னையில் கைகூடாத ரஹ்மான் கூட்டும் அதே படத்தில் ‘ஓ... சாயா’ பாட்டாக நடந்து, 2009இல் ஒஸ்கார் பரிந்துரை வரை போனது.

இலங்கையில் வரவேற்பு வேறு மாதிரி. போரின் கடைசி மாதங்களில் தமிழர் நிலைமை பற்றி அவர் வெளிநாட்டு ஊடகங்களில் பேசத் தொடங்கியதும், அவரது பெயர் அரசியல் வாதத்துக்குள் போய்விட்டது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேட்டிகளைப் பற்றிச் சண்டையிட்டார்கள். பாட்டைக் கேட்டவர் குறைவு. பாட்டிலேயே அரசியல் இருப்பதால் இரண்டையும் முழுக்கப் பிரிக்க முடியாது. என்றாலும் ‘கலா’வின் அரசியல் அறிக்கையாக வரவில்லை, சத்தமாக வருகிறது, அதைக் கேட்காமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

‘கலா’ பிடித்துப்போனவர் அடுத்து ‘அருளர்’ பக்கம் போகலாம். அதில் கருவிகள் இன்னும் குறைவு, தாளப்பெட்டியின் எலும்புக்கூடு வெளிப்படையாகத் தெரியும். 2010இல் வந்த ‘மாயா’வைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதில் உறுமியின் இடத்துக்குத் துளையிடும் இயந்திரத்தின் இரைச்சல் வந்துவிடுகிறது; ‘கலா’வைத் தலையில் தூக்கிவைத்த விமர்சகர்களே அதில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.